தலையணைக் குழந்தை

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். எல்லோருக்கும் அவள் ரேடியோ. கண் விழித்ததும் திறக்கிற வாய் தலை சாய்க்கும்வரை மூடாது என்பதால் நாத்தனார் வைத்த பெயர் அது. "எங்க அண்ணிக்கும் ரேடியோவுக்கும் ஒரே வித்தியாசந்தான். அதுல குமிழைத் திருகினா அணைஞ்சுடும்" என்பாள்.

ரேடியோவுக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் அங்கி எல்லாவற்றையும் கொதிநீரில் அலசி, உலர்த்தி, மடித்து, வார்டுகள் விழித்துக்கொள்வதற்குள் வண்டியில் ஏற்றிவிட வேண்டும். அதனால் சூரியனுக்கு முன்னால் இவள் போய் நிற்க வேண்டும். நாத்தனாருக்கு பிஸ்கட் கம்பெனியில் இரவு வேலை. இரண்டு குடும்பமும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பில் ஒரே வீட்டில் இருந்தன. ரேடியோவின் புருஷன் பெயிண்டர். சுவர் எந்த ஊரில் கூப்பிடுகிறதோ அங்கே போய்ப் பாதி மாதம் தங்கிவிடுவான். நாத்தனாரின் புருஷன் லாரி டிரைவர். அவன் வீட்டுக்கு வருகிற நாளில் பக்கத்து வீட்டுக்காரர்களே "யாரு வேணும்?" என்று கேட்பார்கள்.

வீட்டில் ஒரே குழந்தை, ரேடியோவின் மகன் குண்டு. இன்னும் நடக்கப் பழகவில்லை. நடக்கவைத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை என்பதுதான் சரி.

குண்டுவை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு இரண்டு பெண்களும் ஒரு வழி வைத்திருந்தார்கள். விடிவதற்கு முன் வரும் பஸ்ஸில் நாத்தனார் வேலை முடிந்து வந்திறங்குவாள். அதே பஸ் திரும்பி ரேடியோவை ஏற்றிக்கொண்டு போகும். படிக்கட்டில் அவள் இறங்க, இவள் ஏற, நடுவில் குண்டு கைமாறுவான். கண்டக்டர் அவன் கன்னத்தை ஒரு கிள்ளு கிள்ளிவிட்டுத்தான் விசில் ஊதுவார். பஸ்ஸும் கம்பெனியும் ஆஸ்பத்திரியும் ஒழுங்காக இருந்தால் எல்லாம் கடிகாரம் போல ஓடும். மூன்றில் ஒன்று முரண்டு பிடித்தாலும் குண்டு நடுத்தெருவில்தான்.

இந்த நிலையில்தான் நகராட்சிக்கு ஒரு நல்ல புத்தி தோன்றியது. மருந்துக்கடைத் தெருவில் பழைய தந்தி ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்து, சுண்ணாம்பு அடித்து, வேலைக்குப் போகிற ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு இலவசக் காப்பகமாக ஆக்கலாம் என்றார்கள். அவ்வளவுதான், தெருவே தேன்கூட்டில் கல் எறிந்தது போல் ஆகிவிட்டது.

தெருச் சங்கத்தின் தலைவர் மருந்துக்கடைக்காரர். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்களே, அந்தத் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் மாத்திரை விற்றே தெருவில் மாடி வீடு கட்டியவர். கெட்ட மனுஷர் இல்லை. எந்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டினாலும் பனியனோடு இறங்கி வந்து மருந்து எடுத்துக் கொடுப்பார். ஆனால் ஒரு கொள்கை வைத்திருந்தார். "மாத்திரையை வேளாவேளைக்குப் போட்டா நோய் போயிடும். வாழ்க்கையும் அப்படித்தான். திட்டம் போட்டு வாழத் தெரியாதவங்கதான் ஏழையாவே இருக்காங்க. சும்மா குடுத்துப் பழக்கினா இருக்கிற சுறுசுறுப்பும் போயிடும்." கடைக்கு வருகிறவர்களிடம் சில்லறையோடு இதையும் சேர்த்துக் கொடுப்பார்.

நகராட்சி பயந்துபோனது. திட்டத்தைக் கைவிடவும் மனமில்லை, தெருவைப் பகைத்துக்கொள்ளவும் துணிவில்லை. கடைசியில், தெரு ஜனங்களையெல்லாம் கூட்டி, முதலில் ஒரு நாடகம் போட்டுக் காட்டுவது, பிறகு கையைத் தூக்கச் சொல்லி அபிப்பிராயம் கேட்பது என்று முடிவாயிற்று. நாடகம் போட வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். ஒல்லியான ஆள். எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். குடியிருப்புப் பெண்களையே நடிக்க வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ரேடியோவும் நாத்தனாரும் மாட்டினார்கள். அந்த வாரம் எந்தச் சுவரும் கூப்பிடாததால் பெயிண்டரும் சேர்ந்துகொண்டான்.

பள்ளிக்கூடத்து மண்டபத்தில் முதல் ஒத்திகை. நாடகக்காரர் எழுதி வந்ததைப் படித்தார். கிழிந்த உடையில் ஒரு தாய். பக்கத்தில் பசியால் துவண்ட குழந்தை. வெளியே மழை. தாய் விளக்கடியில் உட்கார்ந்து கண்ணீர் விடுகிறாள். அந்த வழியாக வரும் பெரிய மனிதர் ஒருவர் மனம் இளகி, கையில் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டுப் போகிறார். திரை.

"எங்க, அந்த அழுகையை ஒரு தடவை அழுது காட்டுங்க" என்றார் ரேடியோவிடம்.

ரேடியோ உட்கார்ந்தாள். முகத்தைச் சுருக்கினாள். உதட்டைப் பிதுக்கினாள். பெயிண்டர் மழையாக நின்று ஒரு டப்பாவில் மணலைக் குலுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அவ்வளவுதான், பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு.

"வெங்காயம் வேணா உரிச்சுத் தரவா?" என்றான் பெயிண்டர்.

"சார், இவங்களை விட்டுடுங்க. தாலி கட்டுற நேரத்துலயே சிரிச்சவங்க" என்றாள் நாத்தனார்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றாள் ரேடியோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அழத் தெரியாம இல்ல. எனக்கு அழறதுக்கு எங்க நேரம்? பஸ் போயிடுமே."

நாத்தனாருக்கு வேறொரு சந்தேகம். "அந்தப் பெரிய மனுஷர் குடுத்துட்டுப் போயிடறாரு, சரி. மறுநாள் காலைல புள்ளைய யாரு பாத்துக்குவா?"

நாடகக்காரர் கண்ணைத் திறந்தார். வேறு யாராவது என்றால் கோபப்பட்டிருப்பார்கள். அவர் எழுதி வந்ததை மடித்து விசிறிக்கொண்டார். "சரிம்மா. மழையும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். பஸ் போயிடும்னு சொன்னீங்களே, அது என்ன பஸ்?"

காட்டினார்கள். இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டால் பஸ். ஒரு தலையணையைத் துண்டில் சுற்றினால் குண்டு. பெயிண்டர் கண்டக்டர். நாத்தனார் தூக்கக் கலக்கத்தில் தள்ளாடி இறங்குவதும், ரேடியோ ஒரு கையில் சோற்று டப்பாவும் மறு கையில் குழந்தையுமாக ஏறுவதும், அவசரத்தில் டப்பாவை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையோடு உட்கார்ந்துகொள்வதும், பெயிண்டர் விசில் ஊதியபின் ஜன்னல் வழியே பண்டமாற்று நடப்பதும். நாடகக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "இவங்க இறங்கி வரலைன்னா?" என்று கேட்டார்.

ரேடியோ தலையணையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வராம இருந்திருக்கா சார், ஒரு தடவை" என்றாள் ரேடியோ.

"இதுதான் நாடகம்" என்றார் அவர். "பஸ் வருது, இவங்க வரல. அந்த இடத்துல நிறுத்திடுவோம். மிச்சத்தை ஜனங்க வந்து நடிக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. தெருக்காரர்கள் முன்வரிசை நாற்காலிகளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குடியிருப்புக்காரர்கள் பின்னால், சுவரோரமாக நின்றார்கள். நடு நாற்காலியில் மருந்துக்கடைக்காரர், பக்கத்தில் அவர் மனைவி. இன்னொரு பக்கம் கோடிவீட்டுக்காரர். எது வந்தாலும் எதிர்ப்பது அவர் வழக்கம். தெருவிளக்கு போட்டபோதும் எதிர்த்தவர். ஓரமாக நகராட்சியிலிருந்து வந்த அதிகாரி அம்மாள்.

அழுகை நாடகத்தைப் பார்க்க மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்த கூட்டம், பெஞ்சு பஸ் கிளம்பியதுமே சிரித்துவிட்டது. சோற்று டப்பாவும் குழந்தையும் இடம் மாறியபோது மருந்துக்கடை அம்மா வாய்விட்டே சிரித்தார். நாடகத்தில் மறுநாள் காலை. பஸ் வருகிறது. ரேடியோ குழந்தையோடு காத்திருக்கிறாள். பெயிண்டர் இறங்கி, "உங்க நாத்தனார் ஏறலையேம்மா. கம்பெனில இன்னும் விடலையாம்" என்கிறான். ரேடியோ அப்படியே நிற்கிறாள்.

நாடகக்காரர் மேடையின் முன்னால் வந்தார். "இப்ப இவங்க என்ன செய்யணும்? தெரிஞ்சவங்க யாராவது மேடைக்கு வந்து, இவங்க இடத்துல நின்னு செஞ்சு காட்டலாம்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரரால் அதிக நேரம் பொறுக்க முடியவில்லை. "இதுக்குப் போய் ஒரு நாடகமா? முன்கூட்டியே ஒரு ஏற்பாடு வச்சிருக்கணும். அவ்வளவுதானே" என்று உட்கார்ந்தபடியே சொன்னார்.

"வாங்க சார், வந்து ஏற்பாடு பண்ணுங்க" என்றாள் ரேடியோ. கேலியாகச் சொல்லவில்லை. யாராவது நல்ல வழி காட்டினால் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் சொன்னாள்.

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். மனைவி முழங்கையால் இடித்தார். மருந்துக்கடைக்காரர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மாப்பிள்ளை நடையில் மேடை ஏறினார். ரேடியோ தன் சலவைக்கூட மேலங்கியைக் கழற்றி அவருக்குக் கட்டிவிட்டாள். நாடா தொப்பையைச் சுற்றி வரவில்லை. தலையணையை அவர் கையில் கொடுத்தாள். மண்டபம் குலுங்கியது.

"முதல்ல பக்கத்து வீட்ல குடுப்பேன்" என்றார் அவர்.

பெயிண்டர் உடனே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரி ஆனான். "ஐயோ, நானும் இதே பஸ்ஸுக்குத்தான் நிக்கிறேன். எங்கூட்டுப் புள்ளையை உங்ககிட்ட விடலாம்னு பாத்தேனே."

"உன் புருஷன் எங்கம்மா?" என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார்.

"வெளியூர்ல ஒரு சுவத்துல தொங்கிட்டிருக்காரு" என்றாள் ரேடியோ ஓரத்திலிருந்து.

"சரி. சலவைக்கூடத்து மேஸ்திரியம்மாவுக்குப் போன் போடுவேன்." தலையணையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கையைக் காதில் வைத்தார். நாத்தனார் மறுபக்கத்தில் மேஸ்திரியம்மாவாக உட்கார்ந்தாள்.

"அம்மா, இன்னிக்கு மட்டும் கொஞ்சம் லேட்டாகும்."

"போன வாரமும் இன்னிக்கு மட்டும்னுதானே சொன்னீங்க."

"போன வாரம் நான் எங்க சொன்னேன்?"

"நீங்க சொல்லல. ரேடியோ சொன்னா. இப்ப நீங்கதானே ரேடியோ?"

கூட்டம் கைதட்டியது. மருந்துக்கடைக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடுகிற ஆள் இல்லை. தோளைக் குலுக்கி, "அப்ப கையோட கூட்டிட்டுப் போயிடறேன். ஒரு மூலைல தூங்கப்போறான், யாருக்கு என்ன?" என்று தலையணையோடு பஸ் ஏறினார்.

சலவைக்கூட வாசலில் காவலாளியாகப் பெயிண்டர் நின்றான். "கைக்குழந்தையை உள்ள விடக்கூடாது. கொதிதண்ணி இருக்கிற இடம்."

மருந்துக்கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். மேடையில் அழுக்குத் துணி வண்டி ஒன்று நின்றது. நாலு விரிப்புகளைச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். காவலாளி அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் தலையணையை விரிப்புகளுக்கு நடுவே செருகி, மேலே ஒன்றைப் போர்த்தி, ஒன்றும் தெரியாதவர் போல் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். முன்வரிசை ஆரவாரம் செய்தது. அவரும் சபையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அந்தக் கும்பிடு முடியவில்லை. நாத்தனார் மேஸ்திரியம்மாவாக வந்து, "என்ன இங்கயே நிக்குது வண்டி? மெஷின் காலியா இருக்கு பாரு" என்று சொல்லி, வண்டியை விர்ரென்று தள்ளிக்கொண்டு போய், விரிப்புகளை அள்ளி எடுத்து மெஷினாக வைத்திருந்த பீப்பாயின் வாயருகே கொண்டுபோனாள்.

"ஐயோ, புள்ள" என்று அலறினார் மருந்துக்கடைக்காரர். மேடை அதிர ஓடிப்போய், விரிப்புகளோடு நாத்தனாரின் கையையும் சேர்த்துப் பிடித்து இழுத்து, தலையணையை உருவி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அது தலையணை என்பது அவருக்கு அந்த நிமிஷம் மறந்தே போயிருந்தது.

அவர் குனிந்து கையில் இருந்ததைப் பார்த்தார். நிமிர்ந்து ஜனங்களைப் பார்த்தார். பிறகு அவரே முதலில் சிரித்தார். அதன்பிறகு கூட்டத்தை யாராலும் அடக்க முடியவில்லை. பின்வரிசைக்காரர்கள் சுவரில் சாய்ந்து சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு பாட்டு டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ரேடியோவுக்கு விலா வலித்தது. சிரித்துக்கொண்டே அவரையே பார்த்தாள். தான் நின்ற இடத்தில் இன்னொருத்தர் நின்று, தான் பயந்த பயத்தைப் பயந்ததை அவள் அதுவரை பார்த்ததில்லை.

மருந்துக்கடை அம்மா எழுந்து மேடைக்கு வந்தார். "இப்படிக் குடுங்க. ரெண்டு பெத்தும் உங்களுக்குக் குழந்தையைத் தூக்கத் தெரியல" என்று தலையணையை வாங்கித் தோளில் சாத்திக்கொண்டார். "நான் இங்கெல்லாம் தூக்கிட்டு அலைய மாட்டேன். எங்க அம்மாகிட்ட விட்டுட்டுப் போவேன்."

நாடகக்காரர் ரேடியோவைப் பார்த்தார்.

"எங்க அம்மா ஒரு வீட்டுல சமையலுக்கு இருக்காங்கம்மா" என்றாள் ரேடியோ. "அங்கேயே தங்கல். அந்த வீட்டுப் பேரப்புள்ளைங்களையும் அவங்கதான் பாத்துக்கறாங்க."

மருந்துக்கடை அம்மா தலையணையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நின்றார், நிஜமாகவே தூங்க வைப்பவர் போல. "எங்க ரெண்டும் கைக்குழந்தையா இருக்கறப்பத்தான் கடையைத் திறந்தோம்" என்றார் கடைசியில். "எங்க அம்மா பெட்டியோட வந்து கூடவே இருந்தாங்க, ரெண்டும் பள்ளிக்கூடம் போற வரைக்கும். திட்டம் போட்டுக் கடையை வளத்தோம்னு இவர் எல்லார்கிட்டயும் சொல்வாரு. நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்."

எல்லோரும் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் மேலங்கியின் நாடாவைத் திருகிக்கொண்டிருந்தார். "வாஸ்தவந்தான்" என்றார். "அத்தை இல்லன்னா கடை ஏது? நான் போட்ட திட்டத்துல அவங்க பேரை எழுத மறந்துட்டேன்."

"அவங்க கைச் சாப்பாட்டை மட்டும் மறக்கல" என்றார் மனைவி. மறுபடி சிரிப்பு.

அப்போது பாட்டு டீச்சர் முன்வரிசையிலிருந்து கேட்டார்: "உண்மையா இவங்க வராத அன்னிக்கு என்னம்மா ஆச்சு?"

ரேடியோ இதை மட்டும் சுருக்கமாகச் சொன்னாள். "அப்ப நான் ஒரு ஓட்டல் சலவைல இருந்தேன். பஸ் போயிடுச்சு. வீட்டுக்கு வந்து குண்டுவைக் குளிப்பாட்டித் தூங்க வச்சேன். மறுநாள் போனா, வேற ஆளைப் போட்டுட்டோம்னாங்க."

"கம்பெனில நிறுத்தினப்ப நான் முடியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம்" என்றாள் நாத்தனார். "வந்திருந்தா என் வேலை போயிருக்கும். ரெண்டுல ஒண்ணு போகணும்னு இருந்துது. அண்ணியோடது போச்சு. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரில வேலை கிடைக்கிற வரைக்கும் இவங்க வீட்ல இருந்தாங்க. பேசிப் பேசியே என் தூக்கமும் போச்சு."

நகராட்சி அம்மாள் இதுதான் சமயம் என்று எழுந்தார். "இந்த மாதிரிக் கஷ்டங்களுக்காகத்தான் இந்தத் திட்டம். காப்பகம் தினமும் காலை ஒன்பது மணிக்குத் திறக்கப்படும்" என்று அறிவித்தார்.

"ஒன்பது மணிக்கா?" என்றார் மருந்துக்கடைக்காரர். மேலங்கியை இன்னும் கழற்றவில்லை. "ஒன்பது மணிக்குள்ள என் புள்ள மெஷினுக்குள்ள போயிருக்குமே அம்மா."

"ஆபீஸ் நேரம் அதுதான் சார்."

"ஆபீஸ் நேரம் ஆபீசுக்கு. இவங்க விடியறதுக்கு முன்னாடி பஸ் ஏறணும். நீங்க அப்புறமா வந்து கதவைத் திறந்து யாருக்கு என்ன? பஸ் போனப்புறம் போட வேண்டிய மாத்திரையா இது?"

"இவங்க ஏறுற பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துலதான் கட்டிடம் இருக்கு. முதல் பஸ்ஸுக்கு முன்னாடி திறக்கணும்" என்றார் பாட்டு டீச்சர்.

"ஆயாக்களுக்கு அந்நேரத்துக்கு வர பஸ் வேணுமே" என்று ஒருவர் கவலைப்பட்டார். "தெருவுலயே ஆள் கிடைக்காதா?" என்றார் இன்னொருவர். காப்பகமே கூடாது என்று வந்த தெரு, அது எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்று நகராட்சியோடு சண்டை போட ஆரம்பித்தது. பின்வரிசையில் நின்றவர்கள் எப்போது முன்னால் வந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. எந்தக் கம்பெனி எப்போது விடும், எந்த பஸ் எங்கே நிற்காமல் போகும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, தெருக்காரர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அதிகாரி அம்மாள் யார் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் திணறினார். ஆனால் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

"குழந்தைங்க சத்தம் போடுமே" என்றார் கோடிவீட்டுக்காரர்.

"உங்க நாய் போடாத சத்தமா?" என்றது ஒரு குரல்.

கடைசியில் கையைத் தூக்கச் சொன்னார்கள். முதல் பஸ்ஸுக்கு முன்னால் திறக்கும் காப்பகம் வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்கியபோது மண்டபம் நாற்றங்கால் போல் இருந்தது. கோடிவீட்டுக்காரர் கையை மட்டும் காணோம். அவர் இன்றைக்கும் எதிர்ப்புதான். அவருடைய நாய்தான் கட்சி மாறி, காப்பக வாசலில் படுத்துக்கொண்டு பிள்ளைகள் சிந்துகிறதைத் தின்று பெருத்துவிட்டது.

நகராட்சி ஒரேயடியாக ஒத்துக்கொள்ளவில்லை. அத்தனை சீக்கிரம் திறக்க விதியில் இடமில்லை என்றார்கள். மருந்துக்கடைக்காரரும் பாட்டு டீச்சரும் குடியிருப்புப் பெண்களும் சேர்ந்து போய்ப் போய் நின்றார்கள். விதியில் இடம் உண்டானது. ஆனபின், இது முதலிலேயே தாங்கள் நினைத்திருந்ததுதான் என்று நகராட்சி சொல்லிக்கொண்டது. யாரும் மறுக்கவில்லை. தந்தி ஆபீசுக்கு வண்ணம் அடிக்கும் வேலை பெயிண்டருக்கே வந்தது. கல்யாணமானதிலிருந்து ஒரு மாதம் முழுக்க அவன் வீட்டிலேயே சாப்பிட்டது அப்போதுதான். "இவ்வளவு பேசுவியா நீ? நான் வெளியூர்ல இருந்ததால தெரியாமப் போச்சு" என்றான் ரேடியோவிடம்.

கட்டிட வேலை நடந்துகொண்டிருந்தபோதே ஆற்றுக்கு அக்கரைப் பேட்டையிலிருந்து ஆள் வந்தது. அங்கேயும் ஒரு காப்பகத்துக்கு எதிர்ப்பாம். நாடகத்தைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்கள். நாடகக்காரர் சரி என்பதற்குள் மருந்துக்கடைக்காரர், "நானும் வரேன்" என்றார். அவருக்கு என்ன வேஷம் கொடுப்பது என்பதில் பெரிய வழக்கு. அவர் மேஸ்திரியம்மா வேஷம்தான் வேண்டும் என்று நின்றார். நாத்தனார் விட்டுக்கொடுக்கவில்லை. "உங்களுக்குக் கோபப்படத் தெரியாது சார். நீங்க திட்டினா மாத்திரை எழுதிக் குடுக்கிற மாதிரி இருக்கு." கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி வேஷத்துக்கு இறங்கி வந்தார். தலையில் துண்டோடு அவர் மேடை ஏறினால் வசனம் பேச வேண்டியதே இல்லை. கடையை அந்த நேரங்களில் மனைவி பார்த்துக்கொண்டார். வியாபாரம் கூடியது என்று அந்த அம்மா சொல்வதை நம்பலாம்.

மழைக்காலம் முடிந்ததும் காப்பகம் திறந்தது. திறப்பு விழாவில் பேசச் சொன்னபோது ரேடியோ மாட்டேன் என்றுவிட்டாள். இதை இப்போதும் அந்தத் தெருவில் அதிசயமாகச் சொல்கிறார்கள். பேச அவளுக்கு நேரமில்லை. குண்டு புதுத் தரையில் யாரோ உருட்டிவிட்ட பந்தைப் பார்த்துவிட்டு, அவள் விரலை உதறிவிட்டு, தானாக நாலடி வைத்து, பொத்தென்று உட்கார்ந்து, அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அங்கேயே மண்டியிட்டுவிட்டாள்.

மறுநாள் காலை, இருட்டு பிரிவதற்கு முன், பழைய தந்தி ஆபீசில் விளக்கு எரிந்தது. ஆயா குண்டுவை வாங்கிக்கொண்டாள். அழுவான் என்று ரேடியோ வாசலில் நின்று பார்த்தாள். அவன் பந்தைத் தேடிப் போய்விட்டான். அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

பஸ் வந்தது. நாத்தனார் இறங்கவில்லை. கம்பெனியில் இன்றும் நிறுத்திவைத்துவிட்டார்கள் என்றார் கண்டக்டர். ரேடியோ, "அதனால என்ன? மெதுவா வரட்டும். வந்து நல்லாத் தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஏறினாள். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. கண்டக்டரிடம் பந்தைப் பற்றியும் நாலடியைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தாள். பாதி கேட்டுவிட்டு அவர் சீட்டுக் கொடுக்கப் போனார். பின் சீட்டுக்காரியிடம் மீதியைச் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக்கொண்டாள். காரணம் ஒன்றும் இல்லை. நேரம் இருந்தது, அவ்வளவுதான். தெரு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. ஒரு கடைக்காரர் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசினாள். பிறகு இரண்டு கையையும் வீசிக்கொண்டு, நடுத்தெருவில், அவசரமில்லாமல் வேலைக்கு நடந்தாள்.